பிள்ளைத்தமிழும் பிள்ளை உளவியலும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் அவையில் பத்துப் பருவங்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகவே அமையும். முத்துக்குளித்துறை மண்ணில் அதைப் பேசுவது இன்னும் பொருத்தம். பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் இக்கடற்கரை முருகனைப் பாடுவது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் பாடிய குமரகுருபரர் பிறந்த திருவைகுண்டம் பொருநையாற்றங்கரையில் உள்ளது. 1986இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்று தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்விரண்டு ஊர்களும் புதிய மாவட்டத்தில் அமைந்தன. எனவே பிள்ளைத்தமிழ் இம்மாவட்டத்தார்க்கு வீட்டுச் சொத்துப் போன்றது. வீட்டுச் சொத்தின் மதிப்பை மிகுத்துச் சொல்லும் பழக்கமும் வீட்டாருக்கு உண்டு.

இலக்கிய மேடைகளில் ஒரு கூற்று அடிக்கடி ஒலிப்பதை அவையோர் அறிவர். மேனாட்டார் நேற்றுக் கண்ட குழந்தை உளவியலைத் தமிழர் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே பத்துப் பருவமாக வகுத்துவிட்டனர் என்பது அது. அக்கூற்றுக்குக் கைத்தட்டல் தவறாது கிடைக்கும். அதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். இது வெறும் புலமைப் பொழுதுபோக்கு ஆகாது. ஒரு குழந்தை உரிய காலத்தில் பேசவில்லை, நடக்கவில்லை என்று ஒரு தாய் கவலையுறும்போது அவளுக்குச் சொல்லப்படும் விடை பாட்டிலிருந்து வருகின்றதா, ஆய்விலிருந்து வருகின்றதா என்பதைப் பொறுத்துச் சில வேளைகளில் அக்குழந்தையின் எதிர்காலமே அமைந்துவிடுகின்றது.

முதலில் பாட்டியல் நூல்கள் கூறுவதைக் காண்போம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாற்குக் கழங்கு அல்லது நீராடல், அம்மானை, ஊசல் என்பனவும் இறுதி மூன்றாக வரும். மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களில் பாடுதல் வேண்டும் என்பது ஒரு விதி. அதன்படி காப்பு மூன்றிலும், செங்கீரை ஐந்திலும், தால் ஏழிலும், சப்பாணி ஒன்பதிலும், முத்தம் பதினொன்றிலும் வருகின்றன. அம்புலியை ஒன்றரை வயதுக்கும் இறுதி மூன்றையும் இரண்டு முதல் நான்கு வயதுக்கும் உரியனவாகக் கொள்ளும் கணக்கும் வழங்குகின்றது. ஒரே பருவத்திற்கு இரண்டு கணக்கு வழங்குவது எதைக் காட்டுகின்றது? கணக்கு வகுத்தவர்கள் குழந்தையைக் காட்டிலும் நூலின் அமைப்பையே பெரிதும் நோக்கினர் என்பதையே காட்டுகின்றது. ஒற்றைப்படைத் திங்களின் ஒழுங்கு எண்ணின் ஒழுங்கு. குழந்தை எண்ணிப் பார்த்து வளர்வதில்லை.

பாட்டியலுக்கு முற்பட்ட பெரியாழ்வாரை எடுத்துக்கொண்டால் இது மேலும் விளங்கும். திருவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடிய அவர், தாலாட்டி முடித்தவுடன் அம்புலியை அழைக்கின்றார். அதன் பின்னரே செங்கீரையும் சப்பாணியும் வருகின்றன. காப்பிடுதல் மிகவும் பிந்தி வருகின்றது. அடுக்குமுறை பிற்காலத்தார் வகுத்தது என்பது இதனால் தெளிவு. இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. பெரியாழ்வாரிடம் தளர்நடைக்குத் தனிப் பதிகம் உண்டு. ஓடிவந்து அணைத்துக்கொள்ளும் அச்சோவுக்கு உண்டு. முதுகுப்புறம் வந்து கட்டிக்கொள்ளும் புறம்புல்கலுக்கு உண்டு. முகத்தை மாற்றி அச்சுறுத்தி விளையாடும் அப்பூச்சிக்கும் உண்டு. பத்துப் பருவ யாப்பு வகுக்கப்பட்டபோது இவை நான்கும் இடம் பெறவில்லை. ஒரு குழந்தையின் முதலாண்டு முடியும் தறுவாயில் வீடே கூடி நின்று பார்க்கும் நிகழ்ச்சி அதன் தளர்நடை. அதைத் தனிப் பருவமாகக் கொள்ளாது வருகைப் பருவத்தினுள் அடக்கிவிட்ட இலக்கணம், கண்ணால் கண்டதை வைத்து வகுத்த இலக்கணமாகாது. அரசனைப் பிள்ளையாக்கிப் பாடிய ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதலாக, பிள்ளையின் நடையைவிடப் பாட்டுடைத் தலைவனின் பெருமையே முன்னுக்கு வந்தது. அரசனைத் தத்தித் தடுமாறச் செய்யப் புலவர்க்கு மனம் வந்திராது போலும்.

ஆயினும் தமிழில் கண்ணால் கண்டு எழுதிய இடங்கள் இல்லாமற் போகவில்லை. கொற்கை முத்துக்கு உரிமை பூண்ட பாண்டியர் குடியில் வந்த அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டை அவையோர் பலரும் மனப்பாடமாகவே அறிவர். அதில் குழந்தைக்குப் பெயரில்லை, அணியில்லை, குலமில்லை. உள்ளவை வினைச்சொற்களே. சிற்றடி வைத்து நடப்பது, கையை நீட்டுவது, உணவைக் கீழே இடுவது, தொட்டுப் பார்ப்பது, வாயால் பற்றுவது, துழாவுவது, இறுதியில் நெய்ச்சோற்றை மேனியெங்கும் அப்பிக்கொள்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை செல்கின்றன. பொருளைக் கையாலும் வாயாலும் சோதித்தே குழந்தை உலகை அறிகின்றது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் பியாழே தம் மூன்று மக்களான சாக்குலீன், லூசியென், லோரான் ஆகியோரை நாள்தோறும் நோக்கி எழுதினார். பாண்டியனின் ஏழு வினைகளும் பியாழேயின் குறிப்பேட்டிலும் எழுதப்பட்டிருக்கக் கூடியவையே.

அப்படியானால் வேறுபாடு எங்கே? பியாழே நாளையும் அகவையையும் குறித்தார். பாண்டியன் குறிக்கவில்லை, குறிக்க வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. மக்களைப் பெறாதார் வாழ்நாள் பயனற்றது என்பதே அவன் சொல்ல வந்தது. குழந்தை அக்கருத்துக்குச் சான்றாக வந்து நின்றது.

நாள் குறித்து எழுதுதல் என்பது எளிய செயலாகத் தோன்றலாம். வளர்ச்சி உளவியல் என்னும் துறையே அதிலிருந்துதான் பிறந்தது. சார்லசு தார்வின் 1839இல் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை, ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து 1877இல் ‘மைண்டு’ என்னும் இதழில் வெளியிட்டார். செர்மானிய உடலியலார் பிரேயர் தம் மகனை மூன்றாண்டுக் காலம் நாளொன்றுக்கு மூன்று முறையேனும் நோக்கி எழுதிய நூல் 1882இல் வெளிவந்தது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்ததும் அவ்வாண்டே. தாயைத் தம் ஐந்தாம் வயதில் இழந்த பாரதி, தம் இளமையை 1910இல் ‘கனவு’ என்னும் தன்வரலாற்றுப் பாடலில் தாமே நினைந்து எழுதினார். பிரேயர் செய்தது நிகழும்போதே குறித்தல். பாரதி செய்தது நிகழ்ந்தபின் நினைத்தல். பின்னது எவ்வளவு உருக்கமாயினும், முதிர்ந்தவன் தன் இன்றைய மனத்தைக் கொண்டு நேற்றைய பிள்ளையைப் படைக்கின்றான் என்பதை மறத்தல் கூடாது. நினைவு ஒரு கவிஞன். அதை எழுத்தராகக் கொள்ள இயலாது.

ஒரு குழந்தையின் நாட்குறிப்பு அக்குழந்தைக்கே உரியது. பிற குழந்தைகளுக்கு அது பொருந்துமா என்று அறியப் பல குழந்தைகளை அளக்க வேண்டும். அமெரிக்காவில் கெசல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைச் செய்தார். இன்ன திங்களில் இன்ன செயல் என்ற அட்டவணை அவரால் பரவியது. பாட்டியலின் திங்கட்கணக்கை உளவியலோடு ஒப்பிடுவோர் பெரும்பாலும் இந்த அட்டவணையையே மனத்திற் கொள்கின்றனர். ஆனால் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி 2006இல் வெளியிட்ட முடிவு, ஒரே திங்கள் என்ற எண்ணத்தையே ஆட்டங்காணச் செய்தது. துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் 8.2 திங்களிலிருந்து 17.6 திங்கள் வரை விரிந்து கிடக்கின்றது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்ட குழந்தைகள் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. செங்கீரை ஆடாத பிள்ளையும் சிறுதேர் உருட்டும் என்பது இதன் பொருள்.

செங்கீரை என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையையும் முகத்தையும் அசைத்தாடும் நிலை என்று பலரும் உரை கூறுவர். ‘கீர்’ என்பது சொல். இன்சொல் பேசுமாறு குழந்தையை வேண்டுவதே செங்கீரை என்று வேறு சிலர் கூறுவர். இருசாராரும் வாதிடுவதைக் கேட்கும்போது, ஐந்து ஆறு திங்கட் குழந்தை ஒன்றை அவையில் கிடத்திக் காட்டலாம் என்றே தோன்றும். மார்பைத் தூக்கி நிமிர்வதும், அப்படி நிமிர்ந்த களிப்பில் குரல் எழுப்புவதும் அக்காலத்தில் ஒருங்கே நிகழ்வன. உரையாசிரியர்கள் பிரித்ததைக் குழந்தை பிரிப்பதில்லை.

சப்பாணிக்கு ஓர் எதிர்பாராத துணை கிடைக்கின்றது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தினர் 1991இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சில நிமிடங்களில் சோதிக்கப் பதினேழு செயல்களை மட்டுமே கொண்டது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கிடைக்கோடு உண்டு. அக்கோட்டின் நீளமே அச்செயல் தோன்றும் கால எல்லை. குழந்தையின் அகவைக்கு நேராக ஓர் எழுதுகோலை நெடுக்காக வைத்து, அதற்கு இடப்புறம் முடிந்துபோன கோடுகளில் குழந்தை செய்யாதது எது என்று பார்ப்பர். கல்லூரிப் படிப்பு இல்லாத களப்பணியாளரும் இதைச் செய்துவிடலாம். அப்பதினேழில் கைகொட்டி விளையாடுதலும் ஒன்று. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாகத் தமிழ்த் தாயர் கொட்டுக கொட்டுக என்று வேண்டிய சப்பாணி, நலவாழ்வு நிலையத்து அட்டவணையில் ஒரு கோடாக நிற்கின்றது. இருகையும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். பிறர் செய்வதைக் கண்டு தானும் செய்ய வேண்டும். சொல்லின் பொருளையும் ஓரளவு உணர வேண்டும். மூன்று வளர்ச்சி ஒரு செயலில் கூடுகின்றன. பாட்டியலார் பத்தில் ஒன்றாக இதைத் தேர்ந்தது மெச்சத்தக்கதே. அங்கே கண் இருந்தது. அட்டவணை இல்லை, அவ்வளவுதான்.

தளர்நடையைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. காரன் அடால்ப் என்னும் உளவியலாரும் அவர்தம் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முதல் பத்தொன்பது திங்கள் வரையுள்ள குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரி 2,368 அடி வைக்கின்றன, பதினேழு முறை விழுகின்றன என்று கண்டனர். விழுந்ததற்காக நடப்பதை எந்தக் குழந்தையும் நிறுத்துவதில்லை. பெரியாழ்வார் சங்கிலி ஒலிக்க மணி ஒலிக்க அசைந்து வரும் யானையை அத்தளர்நடைக்கு உவமையாக்கினார். ஆய்வாளர் விழுகையை எண்ணினார். கவிஞர் அசைவைக் கேட்டார்.

இனி, காப்புப் பருவம். பத்துப் பருவங்களில் குழந்தை எதுவும் செய்யாத பருவம் இது ஒன்றே. தெய்வங்களை அழைத்துக் குழந்தையைக் காக்குமாறு வேண்டுவது தாயின் செயல். பிறந்த குழந்தை நிலைப்பதே அரிதாயிருந்த காலத்தில் முதற்பருவம் அச்சத்தின் பருவமாக அமைந்ததில் வியப்பில்லை. ஆகவே காப்பு குழந்தை உளவியலைச் சேர்ந்ததன்று. தாயின் உளவியலைச் சேர்ந்தது. அமெரிக்க மானிடவியலார் மார்கரெட் டிராவிக் தமிழகத்துக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. அன்பு என்ற சொல்லைத் தமிழ்க் குடும்பத்தார் எப்படி வாழ்ந்து காட்டுகின்றனர் என்பதை அடக்கம், பழக்கம், கடுமை, பணிவு முதலான தலைப்புகளில் அவர் விரிக்கின்றார். தாய் தன் பிள்ளையின் மீதுள்ள அன்பை வெளிக்காட்டாது மறைக்க முற்படுவதையும், கண்ணூறு தாயின் கண்ணாலும் நேரும் என்ற நம்பிக்கையையும் அவர் குறிக்கின்றார். கன்னத்தில் இடும் மைப்பொட்டும் அம்மறைப்பைச் சேர்ந்ததே.

இதை ஏன் இவ்வளவு விரிக்க வேண்டும் எனில், தாய்-சேய்ப் பிணைப்பை அளக்க உலகெங்கும் கையாளப்பட்ட முறை ஒன்று இவ்விடத்தில் இடறுகின்றது. மேரி எயின்சுவொர்த்து 1954-55இல் உகாண்டாவில் தாய்மாரின் வீடுகளுக்கே சென்று குழந்தைகளை நோக்கினார். பின்னர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில், அயல்சூழல் சோதனை எனத்தக்க முறையை வகுத்தார். ஓராண்டுக் குழந்தையைப் புதிய அறை ஒன்றில் தாயோடு விடுவர், அயலார் ஒருவர் வருவார், தாய் வெளியே செல்வாள், திரும்பி வருவாள். சுமார் இருபது நிமிடங்களில் எட்டுக் காட்சிகள். தாய் திரும்பியபோது குழந்தை எப்படி நடந்துகொள்கின்றது என்பதே அளவுகோல். சப்பான் நாட்டில் 1980களில் இதைச் செய்து பார்த்தபோது, தாயை விட்டு ஒருபோதும் பிரிந்திராத குழந்தைகள் தாங்கொணாது அழுதன. அதனைப் பிணைப்பின் குறையாகக் கொள்வதா, பிரிந்து பழகாமையாகக் கொள்வதா என்ற வினா எழுந்தது. பாட்டி, அத்தை, சித்தி, அண்டை வீட்டு அக்கா என்று இடுப்பு மாறி இடுப்பில் வளரும் கடற்கரைக் குழந்தைக்கு அயலார் என்பவர் யார்? அன்பை மறைப்பதே அன்பு என்று பழகிய தாயின் முகத்தில் அயல்நாட்டு ஆய்வாளர் எதைப் படிப்பார்? சோதனை பொய் என்று கூற வரவில்லை. வீட்டில் பல நாள் நோக்கிய பின்னரே அறைக்குள் இருபது நிமிடச் சோதனையை எயின்சுவொர்த்து வைத்தார். பின்வந்தோர் பலர் முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டனர். பெரியாழ்வாரின் தளர்நடையை விட்டு எண்ணின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்ட பாட்டியலாரை இது நினைவூட்டுகின்றது.

தால் பருவத்தைச் சுருங்கக் கூறலாம். தால் என்பது நா. நாவசைத்து எழுப்பும் ஒலியே தாலாட்டு. தெகாசுப்பரும் பைபரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் தாம் சப்பும் விதத்தை மாற்றித் தம் தாயின் குரலைப் பிற பெண்களின் குரலினும் விரும்பிக் கேட்டதைக் காட்டினர். பேசவியலாத குழந்தையிடம் வினவ அவர்கள் கண்ட வழி, ரப்பர்க் காம்பில் இணைத்த கருவி. உளவியலின் திறமை பெரும்பாலும் இத்தகைய வழிகளைக் காண்பதில்தான் உள்ளது.

அம்புலிப் பருவம் புலவர்களின் விளையாட்டுக் களம். சாமம், பேதம், தானம், தண்டம் என நால்வகை வழியாலும் நிலவை அழைப்பர். சொல்நயம் கொழிக்கும். குழந்தை மட்டும் அங்கே இராது. புலவர் நிலவோடு பேசிக்கொண்டிருப்பார். பெரியாழ்வாரிடம் அப்படியில்லை. இடுப்பில் அமர்ந்த பிள்ளை கண்ணை அகல விழித்து நிலவையே சுட்டிக்காட்டுகின்றது. முற்றாத மழலையால் அதைக் கூவுகின்றது. சுட்டுவிரல், நோக்கு, ஒலி மூன்றும் ஒரே பொருளின்மேல் குவிகின்றன. எலிசபெத்து பேட்சு 1970களில் எழுதியதும் அவர்பின் பலர் ஆராய்ந்ததும் இதைத்தான். ஏறத்தாழ ஓராண்டில் தோன்றும் இச்சுட்டு இருவகைப்படும். எடுத்துத் தா என்பதற்காகச் சுட்டுவது ஒன்று. நீயும் பார் என்பதற்காகச் சுட்டுவது மற்றொன்று. பின்னதுதான் மொழிக்கு வாயில். எட்டாத பொருளைச் சுட்டும்போது இரண்டில் எது என்று வேறுபடுத்தல் எளிதன்று; நிலவைத் தேர்ந்த தாயர் ஆய்வாளர்க்கு ஒரு நல்ல வினாவை வைத்துச் சென்றுள்ளனர்.

அம்புலியோடு பொதுப்பருவம் முடிகின்றது. அதன்பின் ஆணும் பெண்ணும் பிரிகின்றனர். சிற்றில் பருவத்தில் சிறுமியர் மணலில் வீடு கட்டுகின்றனர்; பாட்டுடைப் பிள்ளை அதை அழிக்க வருகின்றான்; அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகின்றனர். கட்டுவது பெண்ணுக்கும் அழிப்பது ஆணுக்கும் உரித்தாயிற்று. அழிப்பதும் அருள் என்று உரையாசிரியர் விளக்குவர். தன்னை ஆண் என்றும் பெண் என்றும் குழந்தை பெயரிட்டுக்கொள்வது இரண்டு, மூன்று வயதில் தொடங்குகின்றது. அது தனக்குள்ளிருந்து கண்டதா, சுற்றத்தார் கையில் கொடுத்த பறையும் கழங்கும் கற்பித்ததா என்று மக்கோபியும் சாக்லினும் 1974இல் தொகுத்த பெருநூல் முதல் இன்றுவரை வாதம் ஓயவில்லை. பிள்ளைத்தமிழ் அவ்வாதத்தில் நடுநிற்கவில்லை. பொருளைக் கையில் கொடுத்துவிடுகின்றது.

பிள்ளைத்தமிழ் விட்ட பெண்ணை உலா இலக்கியம் ஐந்து வயதில் பேதையாக எடுத்துக்கொள்கின்றது. பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று சென்று பேரிளம்பெண்ணோடு நாற்பதில் நிறுத்திக்கொள்கின்றது. எரிக்சன் 1950இல் வகுத்த எட்டுப் படிகள் முதுமை வரை செல்கின்றன. தமிழ் உலாவிலோ நாற்பதைக் கடந்த பெண்ணுக்குப் பருவமே கிடையாது. அவள் தெருவில் வரும் தலைவனைப் பாராது வேறு வேலை பார்க்கின்றாள் என்று கொள்ளலாம். உலா வகுத்த அகவை அவள் வளர்ச்சியின் அளவன்று, ஆடவன்மேல் அவள் கொள்ளும் காமத்தின் அளவு. ஐந்து வயதுச் சிறுமியையும் அவ்வரிசையில் நிறுத்தியதை இன்றைய கவிஞர் மரபு என்று சொல்லித் தொடர்தல் தகாது.

குழந்தை என்றால் எந்தக் குழந்தை என்ற வினாவும் உண்டு. பொற்றேர் உருட்டும் பிள்ளையே பிள்ளைத்தமிழில் உண்டு. இதே மாவட்டத்துக் கோவில்பட்டிப் பகுதியில் தீப்பெட்டித் தொழிலில் விரல் தேய்த்த பிள்ளைகள் எந்தப் பருவத்திலும் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடைசெய்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியது. உளவியலும் நெடுங்காலம் பள்ளிப்பிள்ளையையே பிள்ளை என்று கொண்டிருந்தது. அகன்ற குவளையிலிருந்து ஒடுங்கிய குவளைக்கு நீரை மாற்றி, எதில் மிகுதி என்று வினவும் பியாழேயின் சோதனை புகழ்பெற்றது. 1969இல் மெக்சிகோவில் குயவர் பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொண்டு இத்தகைய சோதனையை நடத்தியபோது அவர்கள் பிற பிள்ளைகளினும் தெளிவாக விடை கூறினர். பிரேசிலில் ரெசிபே நகரத்துத் தெருவில் பொருள் விற்ற பிள்ளைகள், விற்கும்போது 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் செய்தனர். அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. 1985இல் வெளிவந்த இவ்வாய்வில் பிள்ளைகள் ஐவரே என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை. கரைக்கு வந்த மீனைக் கண்மதிப்பில் கூறு போடும் பிள்ளை, பள்ளியில் பின்னத்தில் தோற்கும்போது எதை நொந்துகொள்வது என்று ஆசிரியர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

முறையியலில் இன்னொரு பள்ளம் உண்டு. இருபது வயதினரையும் எண்பது வயதினரையும் ஒரே நாளில் சோதித்து ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு. ஒரே மனிதரைப் பல்லாண்டு பின்தொடர்வது தொடர்நிலை ஆய்வு. முன்னது விரைவில் முடியும், ஆனால் ஏமாற்றும். இம்மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அன்று இளைஞராய்க் கடலில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவரையும் இன்றைய கல்லூரி மாணவரையும் தாளும் எழுதுகோலும் கொடுத்துச் சோதித்து, முதுமையில் அறிவு குன்றுகின்றது என்று முடிவு கட்டினால் அது முதுமையின் விளைவா, பள்ளிக்குச் செல்லாத தலைமுறையின் விளைவா? இரண்டையும் பிரித்தறிய இருமுறைகளையும் இணைக்க வேண்டும் என்று சாயி என்பவர் 1965இல் எழுதினார். பழையோர் நினைவாற்றலைப் புகழ்வோரும் இளையோர் அறிவாற்றலைப் புகழ்வோரும் பெரும்பாலும் இப்பள்ளத்தில்தான் விழுகின்றனர்.

இனி, தொடக்கத்தில் குறித்த தாயின் கவலைக்கு வருவோம். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் சண்முகசிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரியம்மையும் அவரைத் திருச்செந்தூர்ச் சந்நிதியில் கிடத்தி நோன்பிருந்தனர். முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு வழங்கும் செய்தி. பேசாத பிள்ளையாயிருந்தவரே பின்னாளில் பிள்ளையின் பேச்சையும் விளையாட்டையும் தமிழே வியக்கும்படி பாடினார் என்பது எண்ணுந்தோறும் உள்ளத்தை உருக்கும். அடியார் நெஞ்சில் அதற்குள்ள இடத்தை உளவியல் தொட வேண்டியதில்லை.

ஆனால் இச்செய்தி வேறொரு வேலையையும் செய்கின்றது. மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையின் தாயிடம், குமரகுருபரரே ஐந்தில்தான் பேசினார், பொறு என்று சொல்வதற்கு அது பயன்படுகின்றது. சொல்பவர் அன்பினால்தான் சொல்கின்றார். அங்கே மறைந்து நிற்பது ஒரு முறையியல் தவறு. அடியார் வரலாறு பின்னாளில் பக்தியால் சொல்லப்பட்டது. நாள்தோறும் குறித்த நோய்க்குறிப்பு அன்று. அப்பிள்ளைக்குச் செவி கேட்டதா, சொன்னது விளங்கிற்றா என்பதை அது கூறாது. ஐந்து வயதில் கலிவெண்பா பாடியவர் அவ்வைந்தாண்டும் தமிழைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் அச்செய்தியிலிருந்தே பெறப்படும். செவி கேளாத பிள்ளைக்கு அந்த ஐந்தாண்டு கிடைப்பதில்லை. 1998இல் யோசினாகா-இத்தானோவும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, ஆறு திங்களுக்குள் செவிக்குறை கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் மிக முன்னின்றதைக் காட்டிற்று. ஒரு திங்களுக்குள் சோதனை, மூன்று திங்களுக்குள் உறுதி, ஆறு திங்களுக்குள் உதவி என்பது இன்று உலகெங்கும் கொள்ளப்படும் அளவு. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத்திட்டத்தில் பிறப்பு முதலே இச்சோதனைக்கு இடம் உண்டு. திருச்செந்தூருக்கு வேண்டிக்கொள்ளும் தாய் செல்லட்டும். போகும் வழியில் அரசு மருத்துவமனையில் செவிச் சோதனையும் முடித்துக்கொள்ளட்டும். முருகன் தடுக்கமாட்டான். இதை மேடையில் சொல்லத் தகுதியுடையோர் மருத்துவரைக் காட்டிலும் தமிழ்ப் புலவரே; ஏனெனில் அக்கதையைப் பரப்பியவர்கள் புலவர்களே.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். காந்தியடிகள் முதல் அரசியல் தலைவர்கள் வரை பலர்மீதும் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டுவிட்டது. அவற்றுட் பலவற்றில் பிள்ளைக்கு மீசை முளைத்திருப்பதைக் காணலாம். பகழிக்கூத்தர் முத்தப் பருவத்தில், சங்கு ஈன்ற முத்து, யானைக் கொம்பின் முத்து, நெல் விளைந்த முத்து, முகில் சொரிந்த முத்து ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, உன் வாய் முத்தத்திற்கு விலையில்லை என்று பாடியபோது, விலைபேசும் கடற்றுறையின் மொழியிலேயே குழந்தையை விலைக்கு அப்பால் வைத்தார். முத்து எடுக்கும் கரையில் நின்று பாடினாலன்றி அது வாராது. நூற்பாவைப் பார்த்துப் பாடுவோர்க்கு அந்த ஈரம் வாய்ப்பதில்லை.

இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் கடற்கரை ஊர்களில் தாலாட்டுகளைத் தொகுக்க எண்ணுமாயின், பாடுபவர் பெயரையும் ஊரையும் குறிப்பதோடு, பாடக் கேட்ட குழந்தையின் அகவையையும் திங்கள் கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டு எந்த வரியில் நின்றது, குழந்தை எப்போது உறங்கிற்று, உறங்காது பாட்டோடு சேர்ந்து ஒலி எழுப்பியதா, தாய் பாடினாளா, பாட்டி பாடினாளா, உப்பளத்து வேலைக்குச் சென்ற தாய் திரும்பும்வரை பாடியது அக்காளா என்பனவும் எழுதப்படல் வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டா. நாளிட்ட ஒரு குறிப்பேடும், இடையிற் பேசாது கேட்கும் பொறுமையும் உள்ள இருவர் போதும். அவருள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் நலம், அடுக்களை வரை செல்ல இயலும்.